கரிசல் மண்ணில் உறிஞ்சுகுழிக்கு மாற்று: இரண்டு தெருக்களின் கழிவுநீருக்கு ஒரு ஜல்லிப் படுகை

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கில், பேரையூர் வட்டத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. மேலத்தெருவிலும் நடுத்தெருவிலுமாக அறுபது வீடுகள். குடியிருப்போர் ஏறத்தாழ 240 பேர். இவ்வீடுகளில் குளித்த நீரும், துணி துவைத்த நீரும், பாத்திரம் கழுவிய நீரும் சிமெண்டு வாய்க்காலில் ஓடி, மந்தைக்குக் கீழ்ப்புறமிருந்த ஒரு பள்ளத்தில் தேங்கி, மழைக்காலத்தில் அங்கிருந்து வழிந்து கண்மாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த நீரைத் தெளியவைத்து ஊர்ப் பொது நிலத்தில் பாய்ச்சுவதற்கான அமைப்பு ஒன்றை ஊரார் சேர்ந்து கட்டினோம். எந்த அளவில் கட்டினோம், எங்கெங்கே சிக்கல் வந்தது, அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை, இதே வேலையைச் செய்ய நினைக்கும் மற்றக் கரிசல் ஊர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் பெரிதாயிற்று. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் நீரைக் குறிக்கோளாக வைத்தது. தெருக் குழாயடியிலிருந்து குடத்தில் சுமந்த காலத்தில் வீட்டுக்குள் வந்த நீரே குறைவு. அரிசி கழுவிய நீர் மாட்டுக்குப் போயிற்று, மிஞ்சியது முருங்கைக்கும் வாழைக்கும் போயிற்று. இன்று மாடும் குறைந்துவிட்டது, கொல்லைப்புறமும் குறைந்துவிட்டது, நீர் மட்டும் கூடிவிட்டது. நீரைக் கொண்டுவருவதற்குச் செலவிட்ட அக்கறையில் கால் பங்கையேனும் அது வெளியேறும் வழிக்குச் செலவிட்டிருந்தால் இப்பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

கரிசலில் உறிஞ்சுகுழி ஏன் நிற்பதில்லை

எல்லோரும் முதலில் கேட்பது, உறிஞ்சுகுழி போட்டால் போதாதா என்பதே. எங்கள் ஊரிலும் தெருமுனைகளில் குழிகள் போடப்பட்டன. முதல் ஐப்பசி மழை முடிவதற்குள் அவை எல்லாம் நிரம்பி வழிந்தன. கட்டியவர்கள் மேல் இதில் குறை சொல்லிப் பயனில்லை, ஏனெனில் காரணம் மண்ணில் இருக்கிறது. கரிசலில் உள்ள களி பெரும்பாலும் மாண்ட்மோரிலோனைட் வகையைச் சேர்ந்தது. அது நீர்பட்டால் உப்பிக்கொள்ளும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பங்குனியில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி எடுத்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால், வெடிப்புகளின் வழியே அது கண்முன்னே காணாமல் போகும். அதை மட்டும் பார்த்துவிட்டு, மண் நன்றாகக் குடிக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுபவர்களும் உண்டு. அதே குழியில் இரவு முழுவதும் நீர் நிற்கும்படி செய்து, மண் உப்பிய பிறகு காலையில் மீண்டும் அளந்தால்தான் உண்மை தெரியும். நீர்மட்டம் 25 மி.மீ. இறங்க 60 நிமிடத்துக்கு மேல் ஆகும் மண்ணில் கழிவுநீரை உறிஞ்சவிடும் முறை எதுவும் பயன்படாது என்பது இத்துறையில் வழங்கும் பொதுவான அளவுகோல். எங்கள் குழியில் காலையில் ஊற்றிய நீர் உச்சிவேளையில்கூடக் குறித்த கோட்டை விட்டு அசைந்ததாகத் தெரியவில்லை.

மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் நன்றாக வேலை செய்யும் உறிஞ்சுகுழியை அதே வரைபடத்துடன் இங்கே கொண்டுவந்து இறக்கக் கூடாது. மண் நீரைக் குடிக்காது என்றால், நீரை மண்ணிலிருந்து பிரித்து ஒரு தொட்டிக்குள்ளும் படுகைக்குள்ளும் வைத்தே தெளியவைத்து, பிறகு மேற்பரப்பில் பயிருக்குப் பாய்ச்ச வேண்டும். ஜெர்மனியில் 1950-களில் கேத்தே சைடல் என்ற அம்மையார் நாணல் வகைகளைக் கொண்டு கழிவுநீரைத் தெளியவைக்கும் ஆய்வுகளைத் தொடங்கினார். செடி நட்ட ஜல்லிப் படுகைக்கு அங்கேதான் தொடக்கம். அதற்கு முன்னே வைக்கும் தடுப்பறைத் தொட்டி, 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெக்கார்ட்டியும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கியது. இரண்டையும் இணைத்து, மின்சாரம் இல்லாமல் நடக்கும் அமைப்பாகப் பல நாடுகளில் கட்டுகிறார்கள். மதுரையில் 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் புதுச்சேரிக் கிளை, தவளக்குப்பத்தில் இதே வகை அமைப்பைப் பெரிய அளவில் நடத்திவருகிறது. எங்களுடையது அதன் மிகச் சிறிய வடிவம்.

நீரின் அளவு

தலைக்கு 55 லிட்டர் என்றால் 240 பேருக்கு 13,200 லிட்டர். அதில் ஏறத்தாழ 65 விழுக்காடு வாய்க்காலுக்கு வரும் என்று கொண்டால் 8,500 லிட்டர். இந்தக் கணக்கை நம்பி அப்படியே கட்டிவிடாமல், வாய்க்கால் முடியும் இடத்தில் 20 லிட்டர் பெயிண்ட் வாளியை வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கைப்பேசியில் குறித்து, விடியற்காலை முதல் இரவு வரை அளந்தோம். சராசரி அளவு கணக்குக்கு அருகிலேயே வந்தது. ஆனால் சராசரியை வைத்துத் தொட்டி கட்ட முடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. தண்ணீர் வரும் நாளில் ஊரே துணி துவைக்கிறது. அன்று ஏறத்தாழ 12,000 லிட்டரும் மறுநாள் 5,000 லிட்டரும் வாய்க்காலில் ஓடின. தண்ணீர் வரும் நாளிலும் பாதி நீர் காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையிலேயே வந்துவிடுகிறது. ஆக, மணிக்கு 2,000 லிட்டர் என்ற உச்ச அளவுக்குத் தொட்டியையும், நாளொன்றுக்கு 8,500 லிட்டர் என்ற சராசரிக்குப் படுகையையும் வகுத்தோம்.

வண்டல் பிடிக்கும் சிறு அறை முதலில். அடுத்து 2 மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் நீராழமும் உள்ள படிவுத் தொட்டி. அதை ஒட்டி, அதே அகலத்தில் ஒவ்வொன்றும் 90 செ.மீ. நீளமுள்ள நான்கு தடுப்பறைகள். ஒவ்வொரு தடுப்பறையிலும் நீர் செங்குத்துக் குழாய்களின் வழியே அடிக்கு இறங்கி, அங்கே தங்கியிருக்கும் சேற்றின் ஊடே மெல்ல மேலேறி அடுத்த அறைக்குப் போகும். அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களே அழுக்கைத் தின்பவை. நீர் மேலேறும் வேகம் மணிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சேறும் உடன் கிளம்பி வெளியே போய்விடும். எங்கள் அளவுகளின்படி உச்ச நேரத்திலும் அது 1.1 மீட்டர்தான். இதற்குப் பின்னே 16 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள ஜல்லிப் படுகை. ஜல்லிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைக் கணக்கிட்டால், சராசரியாக இரண்டு நாள் நீர் அதற்குள் தங்கும். இறுதியில் மூடிய சேமிப்புத் தொட்டி ஒன்று, அதிலிருந்து பாசன வாய்க்கால்.

மட்டத்தைக் கலவையில் பூட்டாமல் வைத்தது

மோட்டார் இல்லாமல் நடக்கும் அமைப்பில் எல்லாம் வாட்டத்தைப் பொறுத்தது. மந்தையின் கீழ்ப்புறத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டி வேரோடு எடுத்த பிறகு, டியூப் லெவல் (நீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்துப் பார்த்ததில் வாய்க்கால் முடியும் இடத்துக்கும் பொது நிலத்துக்கும் இடையே நாலடி வாட்டம் கிடைத்தது; போதுமானது. அடுத்தது மட்டம். ஒவ்வொரு தடுப்பறைக்கும் 110 மி.மீ. குழாய்கள் மூன்று இறங்குகின்றன. மூன்றின் வாயும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், இரண்டு நூல் (கால் அங்குலம்) தாழ்ந்திருக்கும் குழாய் ஒன்றே நீர் முழுவதையும் வாங்கிக்கொள்ளும். அறையின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வேலை செய்யும், மற்ற இடம் சும்மா கிடக்கும். படுகையின் தலைப்பிலும் அப்படித்தான். ஐந்து மீட்டர் அகலத்துக்கும் நீர் சமமாகப் பரவாமல் ஒரு மூலையிலேயே விழுந்தால், அந்த மூலை அடைத்துக்கொள்ளும், எதிர்மூலைச் செடிகள் காய்ந்துபோகும்.

இதைக் கட்டும்போதே சரியாக வைத்துவிடலாம். ஆனால் கரிசல் அதை அப்படியே இருக்கவிடாது. கார்த்திகையில் உப்பி, சித்திரையில் சுருங்கி, மேலே உள்ள கட்டடத்தை ஆண்டுதோறும் சற்றே தூக்கி இறக்கும் மண் இது. அடித்தளத்துக்குத் தொட்டியின் ஆழத்தைவிட ஒன்றரை அடி கூடுதலாகத் தோண்டி, உப்பாத சரளை மண்ணான கிராவலைக் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கினோம். சுவரின் வெளிப்பக்கத்தை நிரப்பவும் தோண்டிய கரிசலைப் பயன்படுத்தாமல் கிராவலையே இட்டோம். உப்பும் மண் சுவரை நெருக்கித் தள்ளாமல் இருக்க இது வேண்டும். அடியில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவிலும் உச்சியிலும் கான்கிரீட் பட்டை. இவ்வளவு செய்தாலும் அசைவு குறையுமே தவிர நிற்காது. எனவே மட்டத்தைப் பொறுத்த எதையும் கலவையில் பதித்துவிடக் கூடாது, பின்னால் ஸ்பேனர் கொண்டு திருத்த முடிய வேண்டும் என்று முடிவு செய்தோம். இந்த வேலை முழுவதிலும் மற்ற ஊர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கண்மாயின் மிகுநீர் வழியும் கலுங்குகளையெல்லாம் செப்பனிட்டுப் பழகிய மூத்த கொத்தனார் ஒருவர்தான் வேலையை நடத்தினார். அவருக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை.

“தம்பி, மட்டம் பாத்துக் கலவையில பதிச்சுட்டா அது பாட்டுக்குக் கெடக்கப் போகுது. இதுக்கு எதுக்கு போல்ட்டு?”

“அண்ணே, நம்ம சாவடித் திண்ணையையும் மட்டம் பாத்துத்தானே கட்டியிருப்பாங்க.”

சாவடித் திண்ணையில் ஓடும் வெடிப்புக்குள் சின்னப் பிள்ளைகள் கோலிக்குண்டை உருட்டிவிட்டு மறுபுறம் எடுப்பார்கள். அவர் சிரித்துவிட்டு, “சரி, போல்ட்டு வாங்கிட்டு வாங்க” என்றார்.

படுகையின் தலைப்பில் சிமெண்டுத் தொட்டி போன்ற நீண்ட வாய்க்கால் ஒன்றைக் கட்டி, அதன் விளிம்பில் கெட்டியான பி.வி.சி. பட்டைகளைப் பொருத்தினோம். பட்டையில் அரையடிக்கு ஒன்றாக முக்கோண வெட்டுகள். நீர் அவற்றின் வழியே பிரிந்து விழும். பட்டையைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு வட்டத் துளைக்குப் பதிலாக மேலும் கீழும் நகர்த்தக்கூடிய நீளத் துளை போட்டிருக்கிறோம். தடுப்பறைகளில் இறங்கும் குழாய்களின் மேல்முனையைப் பசை போட்டு ஒட்டாமல், ரப்பர் வளையம் உள்ள இணைப்பில் செருகியிருக்கிறோம். கையால் ஏற்றவும் இறக்கவும் வரும். படுகையின் வெளிவாயில் எல்போ என்னும் வளைவு இணைப்பைப் பொருத்தி அதில் ஒரு முழக் குழாயை நிறுத்தினால், குழாயைச் சாய்த்தும் நிமிர்த்தியும் படுகைக்குள் நீர்மட்டத்தை வேண்டிய உயரத்தில் வைக்கலாம்.

முதல் மழைக்காலம் கழிந்து மார்கழியில் அளந்து பார்த்தபோது, தலைப்பு வாய்க்காலின் வடக்கு முனை தெற்கைவிட அரை அங்குலம் உயர்ந்திருந்தது. தெற்குப் பாதி வெட்டுகளில் மட்டும் நீர் விழுந்துகொண்டிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி, டியூப் லெவல் பிடித்து, பட்டையை இறக்கி மீண்டும் முறுக்கினோம். ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்துவிட்டது. கலவையில் பதித்திருந்தால் உடைத்துக் கட்ட வேண்டியிருக்கும். உடைத்துக் கட்ட ஆளும் பணமும் சேரும்வரை படுகை பாதியாகவே கிடந்திருக்கும்.

கசிவுச் சோதனை, ஜல்லி, செடி

தொட்டியின் உட்பூச்சு காய்ந்ததும், மூடிப் பலகைகள் வைப்பதற்கு முன்னால் நீர் நிரப்பிக் கசிவு பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் தானாக ஆவியாகும் நீரையும் கசியும் நீரையும் பிரித்தறிவது எப்படி என்ற கேள்வி வந்தது. தொட்டியின் ஓரத்திலேயே ஒரு வாளியில் நீர் வைத்து, இரண்டிலும் கோடு போட்டு, மறுநாள் இரண்டிலும் இறங்கிய அளவை ஒப்பிட்டோம். வாளியில் இறங்கிய அளவே தொட்டியிலும் இறங்கியிருந்தால் கசிவு இல்லை. மூன்றாவது அறையில் கூடுதலாக இறங்கியது. குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் பூச்சு விட்டிருந்ததைக் கண்டு அடைத்தோம்.

படுகைக்குப் பண்ணைக்குட்டையில் விரிக்கும் 500 மைக்ரான் படுதாவைப் பயன்படுத்தினோம். அதன் கீழே இரண்டு அங்குலம் மணலும், மேலே பிரித்து விரித்த பழைய சாக்குகளும் இட்டோம். கூரான ஜல்லி படுதாவைக் குத்தாமல் இருப்பதற்காக. தோண்டிய இடத்தில் கோரைக் கிழங்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அதன் முளை படுதாவையே துளைத்துக்கொண்டு மேலே வரும்.

ஜல்லி 17 யூனிட் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி) வேண்டியிருந்தது. தலைப்பிலும் கடைசியிலும் அரை மீட்டர் அகலத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, நடுவில் முழுவதும் அரை அங்குல ஜல்லி. இரண்டுக்கும் நடுவே கம்பிவலை. கிரஷரிலிருந்து வரும் ஜல்லியை அப்படியே கொட்டினால் அதிலுள்ள கல்தூள் அடியில் படிந்து, கழிவுநீர் வருவதற்கு முன்பே படுகை பாதி அடைந்துவிடும். சரிவாக நிறுத்திய சல்லடையில் கூடை கூடையாகக் கொட்டி நீரடித்துக் கழுவினோம்; முதலில் வடியும் நீர் சிமெண்டுக் கரைசல் போலவே இருக்கும், அது தெளிவாக வடியும்வரை விடக் கூடாது. சலிப்பான வேலைதான். ஊரில் எல்லோரும் குறைத்துக்கொள்ளச் சொன்னதும் இந்த வேலையைத்தான், குறைக்கவில்லை.

ஆடியில் கல்வாழையும் கொஞ்சம் சம்புப் புல்லும் நட்டோம், சதுர மீட்டருக்கு நான்கு கிழங்கு. முதல் சில வாரங்களுக்கு நீர்மட்டத்தை ஜல்லியின் மேற்பரப்புக்கு நெருக்கமாக வைத்து, வேர் பிடித்த பிறகு எல்போவைச் சாய்த்துச் சிறிது சிறிதாகத் தாழ்த்தினால், வேர் நீரைத் தேடிக் கீழே போகும். நிலையாக நடக்கத் தொடங்கிய பின் நீர் எப்போதும் மேற்பரப்புக்கு 5 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். மேலே கையை வைத்தால் ஜல்லி உலர்ந்திருக்கும். ஆகையால் கொசு முட்டையிட இடமில்லை, நாற்றமும் இல்லை. கல்வாழைதான் நீரைச் சுத்தம் செய்கிறது என்று ஊருக்கு வருவோரிடம் சொல்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வேலையைச் செய்வது ஜல்லியின் மேல் வழவழப்பாகப் படரும் நுண்ணுயிர்ப் படலம். செடியின் வேர் அதற்கு இடம் கொடுக்கிறது, இடுக்குகள் அடைபடாமல் காக்கிறது, கொஞ்சம் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆனாலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் இடத்தில் யாரும் குப்பை கொட்டுவதில்லை என்பதால், அந்த நம்பிக்கையை நான் திருத்துவதில்லை. ஆடுகளைத் தடுக்க, வெட்டிப்போட்ட கருவேல முள்ளையே வேலியாக அடைத்தோம்.

தடுப்பறைகளுக்குச் சாணக் கரைசல் ஊற்றித் தொடங்கினோம். நுண்ணுயிர்கள் நிலைபெற இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை அழுகிய முட்டை நாற்றம் வரும் என்று முன்கூட்டியே ஊரில் சொல்லிவைத்தது நல்லதாயிற்று. காற்றுக்குழாய்களைத் தலைக்கு மேலே உயர்த்தி, வாயில் கொசுவலை கட்டியிருக்கிறோம்.

மழைநீரையும் தனியே கவனிக்க வேண்டும். தெருமழை முழுவதும் தொட்டிக்குள் பாய்ந்தால் சேற்றை வாரிக்கொண்டு போய்விடும். வண்டல் அறையிலிருந்து தொட்டிக்கு 110 மி.மீ. குழாய் ஒன்றை மட்டும் வைத்து, அறையின் பக்கச்சுவரைத் தாழ்த்தி, குழாய் வாங்க முடியாத நீர் அதன் மேலே வழிந்து பழைய ஓடைக்குப் போகும்படி அமைத்தோம். இதைக் கொத்தனாருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, “கலுங்குதான?” என்று கேட்டுவிட்டுக் கட்டி முடித்துவிட்டார். படுகையைச் சுற்றிலும் கரை உயர்த்தியிருக்கிறோம். ஒரே நாளில் 100 மி.மீ. மழை பெய்தால் படுகையின் மேல் நேரே விழும் நீரே 8,000 லிட்டர், அதற்கு மேல் அக்கம்பக்கத்து நீரும் புகக் கூடாது.

பொங்கலும் சிவராத்திரியும்

நூல்களில் கிடைக்கும் வடிவமைப்புக் கணக்குகளில் பொங்கல் வருவதில்லை. மார்கழிக் கடைசியில் ஊரே வெள்ளையடித்தது. சுண்ணாம்பு கரைத்த வாளிகளும், மட்டைகளும், கழுவிவிட்ட தரைகளும் சேர்ந்து, இரண்டு மூன்று நாட்களுக்கு வாய்க்காலில் பால் போன்ற நீர் ஓடியது. சுண்ணாம்புத் தெளிநீரின் கார அளவு (pH) 12-க்கு மேல். தடுப்பறையின் நுண்ணுயிர்களுக்கு 7-ஐ ஒட்டிய அளவுதான் ஒத்துக்கொள்ளும். வெளிவரும் நீர் கலங்கியது, அடங்கியிருந்த நாற்றம் திரும்பியது, தலைப்பிலிருந்த ஒன்றரை ஜல்லியின் மேல் வெள்ளைப் பொருக்குக் கட்டியது. மீண்டும் சாணக் கரைசல் ஊற்றிக் காத்திருந்தோம். பொருக்குக் கட்டிய ஜல்லியை அள்ளித் தேய்த்துக் கழுவித் திரும்பப் போட்டோம். தலைப்பில் பெரிய ஜல்லியைத் தனியே வலை வைத்துப் பிரித்திருப்பது இப்படி அள்ளிப் போடுவதற்காகவே. அடுத்த ஆண்டு மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்து, தெருவுக்கு ஒரு குழி வெட்டிச் சுண்ணாம்பு வாளிகளை அங்கே மட்டும் கழுவச் செய்தோம். ஏறக்குறைய எல்லோரும் கேட்டார்கள்.

மாசியில் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்து சேர்வார்கள். ஊரில் ஆள் இரண்டு மடங்காகும், கிடாய் வெட்டு நடக்கும், அண்டா அண்டாவாகக் கறிச்சோறு ஆகும். கொழுப்பு படிவுத் தொட்டியில் மிதந்து, ஆறியதும் தடித்த ஆடையாகக் கட்டிக்கொள்ளும். தொட்டியின் வெளிவாயில் ‘டி’ வடிவக் குழாய் இணைப்பை வைத்து அதன் கீழ்க்கால் நீருக்குள் மூழ்கும்படி விட்டிருப்பதால் மிதப்பது அடுத்த அறைக்குப் போவதில்லை. என்றாலும் ரத்தமும் அண்டா கழுவும் நீரும் வாய்க்காலுக்கே வராமல், பந்தலின் பின்னால் வெட்டிய குழியில் விட்டு மறுநாள் மண்ணள்ளி மூடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. பூசாரி அதை ஏற்றுக்கொண்ட பிறகு மற்றவர்களிடம் பேச வேண்டியிருக்கவில்லை.

யார் அள்ளுவது

கட்டுவதற்கு முன் ஊர்க்கூட்டத்தில் எல்லாவற்றையும் பேசினார்கள். வண்டல் அறையை யார் சுத்தம் செய்வது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. பேசாமல் விட்டால் அந்த வேலை எந்தத் தெருவின் தலையில் விழும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் வடிவமைப்பிலேயே இரண்டு ஏற்பாடுகளைச் செய்தோம். ஒன்று, குப்பை வாய்க்கால் முடிவில் வந்து குவியாமல், பத்து வீட்டுக்கு ஒன்றாகக் கம்பிவலைக் கூடைகளை வாய்க்காலிலேயே இறக்கி, அந்தப் பத்து வீட்டாரே முறை வைத்து எடுத்துக் கொட்ட வேண்டும் என்பது. தலைமுடியும், தேயிலைச் சக்கையும், ஷாம்பு உறையும் யாருடையவை என்பது அப்போது தெரிந்துவிடுவதால், சில வாரங்களிலேயே கூடைக்கு வரும் குப்பை குறைந்தது. மற்றொன்று, எந்த அறைக்கும் யாரும் இறங்கவோ கையை விடவோ தேவையில்லாதபடி, வண்டல் அறையில் தூக்கி எடுக்கும் துளையிட்ட பெட்டியும், கொல்லரிடம் சொல்லிச் செய்த ஆறடிப் பிடி உள்ள கரண்டியும். தடுப்பறைச் சேற்றை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சும் வண்டியைக் கொண்டு எடுக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரைப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் உள்ளே நிற்கும் வாயு ஆளைக் கொன்றுவிடும். மூடிகளை இருவர் சேர்ந்து தூக்கும் கனத்தில் வார்த்து, பூட்டும் போட்டிருக்கிறோம். அன்றாட மேற்பார்வைக்கு ஊராட்சியின் தூய்மைக் காவலர் அக்கா வருகிறார். பார்த்துச் சொல்வதுதான் அவர் பணி, அள்ளுவது அல்ல.

செலவு நாலரை இலட்சத்தைத் தொட்டது. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள ஊருக்குக் கழிவுநீர் மேலாண்மைக்குத் தலைக்கு 280 ரூபாய் என்பது வரம்பாக இருந்தது. எங்கள் 240 பேருக்கு 67,200 ரூபாய். செம்மண் ஊரில் உறிஞ்சுகுழிக்கு அது ஓரளவு போதும். கரிசலுக்கும் அதே தொகை என்பது நியாயமான கணக்கு அல்ல. மீதியைக் கண்மாய் மீன் குத்தகை, புளியமர ஏலம், வீட்டு வரி என்று ஊர்ப் பணத்தில் ஈடுகட்டினோம்.

வெளிவரும் நீர் கண்ணாடிக் குவளையில் தெளிவாக இருக்கிறது. ஆனால் தெளிவு என்பது தூய்மை அல்ல. நீர்நிலையில் விடுவதற்கு, நீரில் மிஞ்சியிருக்கும் அழுக்கைக் காட்டும் அளவான உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்ளும், நிலத்தில் பாய்ச்சுவதற்கு 100-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது மத்திய விதி. கண்மாய்க்கு விடும் எண்ணமே எங்களுக்கு இல்லை. கம்பு நேப்பியர் தீவனப் புல்லுக்கும் தென்னைக்கும் மட்டும் பாய்ச்சுகிறோம், கீரைக்கும் காய்கறிக்கும் இல்லை. சேமிப்புத் தொட்டியை மூடியே வைக்க வேண்டும். சாக்கடைக் கொசு போய்விட்டாலும், தெளிந்த நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். இன்னொன்றும் கரிசலுக்கே உரியது. சோப்புத்தூளில் உள்ள சோடியம் நீரில் அப்படியே இருக்கிறது, படுகை அதை எடுப்பதில்லை. தொடர்ந்து பாய்ச்சினால் கரிசல் இன்னும் இறுகி, நீர் இறங்காத களராகும். ஆண்டுக்கு ஒருமுறை மண்ணைச் சோதித்து, தேவைப்பட்டால் ஜிப்சம் இடுவதும், மழைக்காலத்தில் பாய்ச்சலை நிறுத்துவதும் வேண்டும்.

முடியாத வேலை ஒன்று இருக்கிறது. சில வீடுகளின் கழிப்பறைத் தொட்டி நிரம்பி, கண்ணுக்குத் தெரியாத குழாய் வழியே வாய்க்காலில் கலக்கிறது என்ற ஐயம் இருந்தது. வீட்டாரின் இசைவோடு கழிப்பறையில் சொட்டு நீலத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு வாய்க்காலருகே நின்று பார்த்ததில், நான்கு வீடுகளில் நீலம் வெளியே வந்தது. குழாயை அடைத்துவிடுங்கள் என்று சொல்வது எளிது. ஆனால் அவர்களுடைய குழிகள் நிரம்பியதும் அதே கரிசலால்தான். அடைத்தால் கழிவு வீட்டுக்குள் திரும்பும். அந்த நீரைப் படுகைக்கும் விட முடியாது, ஏனெனில் அது குளியல் நீருக்காக வகுக்கப்பட்டது, அதிலிருந்து பாயும் வாய்க்காலில் ஆட்கள் கால் வைத்து வேலை செய்கிறார்கள். அந்நான்கு வீடுகளுக்கும் தனித்தனியே படுதா விரித்த நீளக் குழி எடுத்து, அடியில் உடைகல்லும் மேலே கிராவல் மண்ணும் இட்டு, வாழை நட்டு, நீரை இலை வழியாகவே வெளியேற்றும் அமைப்பை வரைந்திருக்கிறோம். ஒரு வீட்டில் இடம் போதவில்லை. பக்கத்து வீட்டு அத்தை தம் கொல்லையில் ஆறடி தருவதாகச் சொல்லியிருக்கிறார். சித்திரையில் மண் காய்ந்ததும் அங்கிருந்தே தோண்டத் தொடங்குகிறோம்.